ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: கூரையைக் கழற்றலாமா? அப்பா விடமாட்டேன் என்கிறார்

அல்சூர்_ஹெரால்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் ஒரு வழக்கு முற்றிப்போனதால் எழுதுகிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வண்டி 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் ஹெரால்டைச் சென்னையில் பூட்டி ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் விற்றது. கோலார் தங்கவயலில் வேலையில் இருந்தபோது பெரியப்பா வாங்கியது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், அதோடு வண்டியும் ஷெட்டுக்குள் போய் நின்றுவிட்டது. பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா, “பழைய இரும்புக்காரன் வந்து வந்து கேட்கிறான். அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார். லாரியில் ஏற்றிப் பெங்களூர் அல்சூருக்குக் கொண்டுவந்தோம். நம்பர் பிளேட்டில் இன்னும் எம்.ஒய். என்றுதான் இருக்கிறது, மைசூர் மாநிலக் காலத்து எண்.

வேலை செய்கிறவர்கள் நாலு பேர். அப்பா 38 வருடம் லேத்தில் நின்றவர். மனைவிக்குத் தையல் தெரியும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவள் இப்போது எங்களுக்கெல்லாம் மேஸ்திரி. நான் கணினியைப் பார்த்துக்கொண்டு பிழைக்கிறவன், ஆகவே கடைநிலை ஊழியன். இடம் வீட்டை ஒட்டிய ஒன்பதடிச் சந்து. பானெட் மொத்தமும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிற வண்டி என்பதால்தான் இந்தச் சந்தில் வேலையே நடக்கிறது. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினைக் கழற்றலாம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். 1962இல் ட்ரயம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை விட்டது. அதன் சேஸி, அதாவது அடிச்சட்டம், ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கிச் செய்ததுதான். இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலிக்காரரான மிக்கலோட்டி. ஹெரால்டின் கூரை பற்றவைத்ததல்ல, போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்ப்பரேட்டரை இரட்டை எஸ்.யூ.வாக மாட்டி, முன்னால் டிஸ்க் பிரேக் போட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறக்கினால் நம் வீட்டு ஸ்பிட்ஃபயர் தயார். ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்குக் காற்று வாங்கப் போகலாம். இது என் கனவு.

அப்பா சொல்வது ஒரே வரி: “கூரையைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவனை நான் பார்த்ததில்லை.”

யார் பக்கம் நியாயம்?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிவாஜிநகரில் எனக்குச் சின்ன கேரேஜ் இருந்தது. கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. ஹெரால்டு எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் காலத்தில் அம்பாசடர்காரரை முதலாளி என்றும், ஃபியட்காரரை டாக்டர் என்றும், ஹெரால்டுகாரரைப் பைத்தியம் என்றும் சொல்லுவோம். திட்டவில்லை, பிரியமாகத்தான்.

கூரை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் முன் சக்கரத்தைப் பாருங்கள். செங்குத்தான ஸ்டீல் தண்டு ஒன்று இருக்கும், அதன் கீழ்முனை மரை வெட்டி ஒரு பித்தளை நிறக் கட்டைக்குள் திருகி நிற்கும். அதற்கு ட்ரனியன் என்று பெயர். ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல. நிப்பிளைப் பார்த்ததும் எல்லாப் பையன்களும் கிரீஸ் கன்னைத்தான் வைப்பார்கள். கிரீஸ் காய்ந்து கட்டியாகிவிடும், மரைக்குள் இறங்காது. தண்ணீர் மட்டும் இறங்கும். ஒருநாள் தண்டு மரையிலேயே ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். மெதுவாகத் திருப்பும்போது ஒடிந்தால் புண்ணியம். ஓசூர் ரோட்டில் ஒடிந்தால் கதை வேறு.

கழற்றிப் பார்த்து எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றித் திருகி உடைத்துவிடாதீர்கள்.

---

மாட்டுங்கா_பத்மினி எழுதியது:

மும்பையிலிருந்து. என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி கார், ஆனாலும் இதில் தலையிடாமல் இருக்க முடியவில்லை.

அப்பா பக்கம்தான் நியாயம், அது சட்டத்திலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பதிவுச் சான்றில் இருக்கிற விவரம், தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அப்புறம் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி இருக்கிறதே, அது உங்களுக்கு வரம். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்குத் தனிப் பதிவு. ஏற்கெனவே எண் இருந்தால் அந்தப் பழைய எண்ணே தொடரும். அந்த எம்.ஒய். எண்ணை விட்டுவிடாதீர்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான்.

இங்கே 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சியும் ரோட்டைவிட்டுப் போனது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது எல்லாம் அந்தக் கருப்பு மஞ்சளில்தான். ஒரு வண்டி கண்ணிலிருந்தே மறைந்த பிறகுதான் அது எப்படி இருந்தது என்று சரியாகக் காட்ட ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று தோன்றும். கூரையைத் தொடாதீர்கள்.

---

பீன்யா_லேத் எழுதியது:

பத்மினிக்காரர் சொல்வது சரிதான். ஆனாலும் ஹெரால்டின் பிறப்பே கழற்றி மாட்டுவதற்காகத்தானே? ஐம்பதுகளில் அந்த ஆங்கிலக் கம்பெனிக்கு முழு பாடியை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. பாடி செய்து தந்துகொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் தனிச் சேஸி போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் அடித்து வாங்கிப் போல்ட்டால் சேர்த்தார்கள். நம் சென்னைப் பக்கம் வந்து பூட்டுவதற்கும் அது வசதியாகப் போயிற்று. கழற்றிய கூரையைப் பத்திரமாக வைத்திருந்தால் மறுநாளே மாட்டலாம். இதை வெட்டுவதோடு சேர்க்க முடியாது.

ஆனால் இரட்டை கார்ப்பரேட்டர் என்று குதிப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியை (இன்ஜின் முன்னால் இருக்கிற பெல்ட் சக்கரம்) பார்க்கட்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கடைசி மெயின் பேரிங் பக்கத்தில், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க இரண்டு அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர் இருக்கும். இந்த வகை இன்ஜினின் பலவீனமே அதுதான். தேய்ந்து கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்னும். நகர்வைத் துல்லியமாக அளக்கிற டயல் கேஜ் லேத்துக்காரர் வீட்டில் இல்லாமல் இருக்காது.

இன்னொன்று. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் அடித்துவிடுங்கள். அந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. 2000த்தோடு நம் நாட்டில் அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது.

---

அல்சூர்_ஹெரால்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஸ்பேனர் ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார். இடது பக்கத் தண்டைப் பிரிக்க ஒரு முழு ஞாயிறு ஆனது. துருவில் உறைந்து கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, மறுபடி ஊறவைத்துக் கடைசியில் கழன்றது. உள்ளே கறுப்பு மெழுகு மாதிரி பழைய கிரீஸ். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. மகள் மண்ணெண்ணெயில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தாள். மூன்றாவது மரையில் நூல் மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்பா வாங்கிப் பார்த்தார், நகத்தால் ஒரு தடவை தடவினார், “விரிசல்” என்றார்.

அந்த வண்டியில்தான் பெரியப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக ஊர் சுற்றிக் காட்டுவார். அந்த விரிசல் எந்த வருடத்தில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்! வழக்கமாக வண்டி விட்ட ஒரு கேரேஜில் மாதம் தவறாமல் கிரீஸ் அடித்ததாகப் பெரியம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

புதுத் தண்டும் கட்டையும் இரண்டு பக்கத்துக்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். ஸ்பிட்ஃபயருக்காக இன்றும் அங்கே செய்கிறார்கள், அதனால் நம் காட்டில் மழை. சுங்கவரியைப் பார்த்தபோது மழை நின்றுவிட்டது. இவ்வளவு பணம் போகிறதே என்று முன் டிஸ்க் பிரேக்கையும் அதே பார்சலில் சேர்த்துவிட்டேன் (மனைவிக்கு இதைப் படிக்கிற பழக்கம் இல்லை என்று நம்புகிறேன்).

புல்லி சோதனையும் செய்தோம். மகள் கிளட்ச்சை மிதித்தாள், நான் டார்ச் பிடித்தேன். நல்லவேளை, நகர்வு கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா டயல் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் எண்ணெய்த் தொட்டியை இறக்கும்போது மாற்றிவிடலாம்” என்றார்.

சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீள்கிற கைகளுக்கு அவுட்ரிக்கர் என்று பெயர். பின்பக்க அவுட்ரிக்கர் இரண்டும் அப்பளம். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது, சுத்தியலால் தட்டினால் சத்தமே வரவில்லை. அரை அங்குலத்துக்குப் பட்டி. எந்த டிங்கரிங்காரரோ துருவின் மேலேயே பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வெட்டி எடுத்து, தகடு வளைத்து, புதிதாகப் பற்றவைத்தாயிற்று. அதற்கு முன் கதவு இடைவெளிகளை மகள் நோட்டில் அளந்து வைத்துக்கொண்டாள். பாடி சேஸியில் உட்காருகிற இடமே அவுட்ரிக்கர்தான், அங்கே ஒரு நூல் இறங்கினாலும் கதவு சாத்தாது.

கூரை விஷயம் அப்படியே நிற்கிறது.

---

கரோல்பாக்_அக்கா எழுதியது:

டெல்லியிலிருந்து ஒரு பெருமூச்சு. இங்கே 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி என்றாலே ஆயிரம் வில்லங்கம். உங்கள் ஊரில் 1967 வண்டிக்குக் கூரை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

உருப்படியாக ஒன்று: பெட்ரோல் குழாய், பம்ப்பின் டயஃப்ரம், கார்ப்பரேட்டர் பேக்கிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பரில் மாற்றிவிடுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எங்கள் வீட்டுப் பழைய ஃபியட்டில் குழாய் உப்பிப் பிசுபிசுவென்று ஆகி, பெட்ரோல் சூடான மேனிஃபோல்ட் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வாசனை பிடித்துக் கண்டுபிடித்தது என் மாமியார். நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விடாதீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

---

அல்சூர்_ஹெரால்டு எழுதியது:

இது அவருடைய மனைவி. எனக்கும் படிக்கிற பழக்கம் உண்டு. டிஸ்க் பிரேக் விஷயம் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்குள் கூரைத்துணி மொத்தமும் எலி தின்றுவிட்டது. பழைய துணியைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்து, அதே அளவில் புதிது வெட்டித் தைத்திருக்கிறேன். பதினோரு நாள் வேலை. ரவிக்கை தைப்பதைவிடக் கஷ்டம், ரவிக்கையாவது போடுகிறவர் கையைத் தூக்குவார். சிக்பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கி அந்தப் பழைய தந்த நிறம் எடுத்தேன். இப்போது கூரையே வேண்டாம் என்றால் நான் எங்கே போவது?

அப்புறம் யூ.எஸ்.பி. சார்ஜர் புகைந்த கதையை அவர் எழுதவில்லை. நானே சொல்கிறேன். மகளின் செல்ஃபோனுக்கு என்று ஒன்று வாங்கி வந்து, சிவப்பு ஒயரை பேட்டரியிலும் கறுப்பை பாடியிலும் கொடுத்தார். எல்லாம் முறைப்படிதான். புகை வந்தது. இந்த வண்டியில் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனையாம். மென்பொருள் பொறியாளர்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

அம்மா, நீங்கள் கடை வைத்திருந்தால் நான் வேலைக்கு வந்திருப்பேன்.

பாசிட்டிவ் எர்த்தை அப்படியே விட்டாலும் குற்றமில்லை. மாற்றுவதென்றால் பேட்டரியைத் திருப்பி, காயிலின் இரண்டு ஒயரையும் மாற்றி, டைனமோவின் ஃபீல்ட் முனையை பேட்டரியின் புது லைவ் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள், பொறி வரும், பயப்பட வேண்டாம். அதைச் செய்யாவிட்டால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தரும்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. நந்தி மலை, ஸ்பிரிங்கை இறக்குவது என்று எழுதியிருந்தீர்கள். பின்னால் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்தான் குறுக்கே கிடக்கிறது, இரண்டு ஆக்ஸிலும் நடுவிலிருந்து ஊஞ்சல் மாதிரி ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும். வண்டி சுற்றிவிடும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் வாங்குகிறவர்களுக்கும் இது பிடிக்காமல்தான் பிறகு வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் காரில், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற முழு ஆக்ஸில் போட்டார்கள். இங்கிலாந்தில் 1970 ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றினார்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் காலை எடுக்காதீர்கள். 35 குதிரைத்திறன் உள்ள வண்டிக்கு எதற்கு அவசரம்?

---

மாட்டுங்கா_பத்மினி எழுதியது:

அப்படியானால் இரட்டை கார்ப்பரேட்டர்? டிஸ்க்? விண்டேஜ் பதிவுக்குப் போட்டோ எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டுப் பிறகு மாட்டுவீர்களா? கேட்க வேண்டும் போல் இருந்தது.

---

பீன்யா_லேத் எழுதியது:

டிஸ்க்கை நான் ஆதரிக்கிறேன். பிரேக் எண்ணெய்க்கு ஒரே சர்க்யூட், நாலும் டிரம், பெங்களூர் டிராஃபிக். எதிரே பைக்காரன் குறுக்கே விழுகிற ஊர் இது. அசல் அசல் என்று சொல்லிக்கொண்டு அசலாகவே போய் இடிக்க வேண்டுமா? ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். கார்ப்பரேட்டர் வெறும் ஆசை. அதை விட்டுவிடுங்கள்.

---

அல்சூர்_ஹெரால்டு எழுதியது:

கார்ப்பரேட்டரை விட்டுவிட்டேன். அந்தக் காசு வால்வு சீட்டுக்குப் போயிற்று. ஸ்பிரிங்கையும் இறக்கவில்லை. டிஸ்க்கை மாட்டினோம், டிரம்களைக் கிரீஸ் தடவிப் பெட்டியில் போட்டு மேல் பரணில் வைத்திருக்கிறோம். ஆர்.டி.ஓ.வில் வேண்டாம் என்றால் பரணிலிருந்து இறங்கும்.

கூரைக் கதை முடிந்தவிதம் இது. பெயிண்ட்டுக்காக எப்படியும் கூரையைத் தனியே எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவே போல்ட்டுகளைக் கழற்றி, வரிசைப்படி பழைய முட்டை அட்டையில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்தார். நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம். அன்றைக்குத்தான் இன்ஜினும் சரியாக ஓட ஆரம்பித்தது. ராத்திரி பத்தரை இருக்கும். “பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம்” என்று அப்பா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மனைவியும் மகளும் பின்னால். எங்கள் தெருவுக்குள்ளேயே அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு. 25 அடிக்குள் திரும்பிவிடுகிற வண்டி என்பதால் தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்காமலே திரும்ப முடிந்தது. மொத்தம் ஆறு தடவை போனோம். இரண்டு தடவையிலேயே பிரேக் சரி என்று தெரிந்துவிட்டது. மீதி நாலு தடவைக்கு அப்பா காரணம் எதுவும் சொல்லவில்லை. நாலாவது வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்று, “யாருக்குடா கல்யாணம்?” என்றார்.

மறுநாள் பெயிண்ட் முடிந்த கூரையில் மனைவி தைத்த துணியை ஒட்டி, மேலே ஏற்றிவிட்டோம். முட்டை அட்டையைத் தூக்கிப்போடப் போனேன். அப்பா வாங்கி, டிரம் பெட்டி பக்கத்தில் பரணில் வைத்தார். கேட்டதற்கு, “மழைக்காலம் முடியட்டும்” என்றார்.

இப்போது ஒரு உதவி. கூரைக்கும் முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே வருகிற ரப்பர் பட்டை பழையது நொறுங்கிவிட்டது. நேற்றைய மழையில் மகளின் நோட்டு நனைந்தது. ஜே.சி. ரோட்டில் இதை அளவுக்கு வெட்டித் தருகிறவர்கள் யாராவது உண்டா?

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

ஜே.சி. ரோட்டில் கதவு ரப்பர் மீட்டர் கணக்கில் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும். பழைய துண்டு ஒரு விரல் நீளமாவது கையோடு எடுத்துப் போங்கள், வாயால் சொன்னால் மாருதி ரப்பரைத் தலையில் கட்டிவிடுவார்கள். வெயிலில் அரைமணி வைத்துவிட்டு மாட்டினால் வளைந்து கொடுக்கும். இழுத்து ஒட்டாதீர்கள், சுருங்கும்போது முனையில் இடைவெளி விடும். ஒரு விரற்கடை கூடவே வெட்டுங்கள்.